அச்சிடத் தகாத ஏடுகள்

சென்ற ஆண்டு, காலஞ்சென்ற என் தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த கடிதங்களையும் கணக்குக் குறிப்புக்களையும் இரண்டு கட்டுக்களாகப் பிரித்தேன். ஒன்று பேணி வைப்பதற்கு, மற்றது எரிப்பதற்கு. எரிக்கும் கட்டில் நான் முதலிற் சேர்த்தது, என் சிறிய தந்தையாரோடு அவர் பிணங்கியிருந்த காலத்தில் எழுதி, அனுப்பாமலே வைத்துவிட்ட கடிதமொன்று. அத்தனை கடுஞ்சொற்கள் அதில் இருந்தன. தந்தையாரின் நற்பெயருக்கு அஃது இழுக்கென்று கருதினேன். தீ மூட்டுமுன் என் கையைத் தடுத்தது ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கை என்றாற் சிலர் வியப்படையக்கூடும். அவர் ஐசாக் நியூற்றன்.

பாடசாலையிற் பௌதிகம் கற்பித்த காலத்தில் நியூற்றனை நான் ஒரு சிலையாகவே அறிந்திருந்தேன். இயக்க விதிகள் மூன்று, ஈர்ப்பு விதி ஒன்று, அப்பிள் பழம் ஒன்று. இவற்றோடு அப்பெருமகனாரின் சரித்திரம் முடிந்துவிடும். ஓய்வு பெற்ற பின்னர், கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை தன்னிடமுள்ள அவரது கையெழுத்தேடுகளைக் கணினி வழியாக எவரும் காணுமாறு செய்திருப்பதை அறிந்து, மாலை வேளைகளில் அவற்றைப் பார்க்கலானேன். அடித்தலும் திருத்தலும் நிறைந்த அவ்வேடுகளில், அச்சு நூல்கள் எனக்குக் காட்டாத மனிதர் ஒருவர் இருந்தார். அவரது வாழ்க்கையை அவ்வேடுகளின் வழிநின்றே இங்கு கூற விழைகின்றேன்.

இங்கிலாந்தின் அக்காலப் பஞ்சாங்கப்படி 1642ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, லிங்கன்ஷயரிலுள்ள வூல்ஸ்தோர்ப் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் மூன்று மாதங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார். மூன்று வயதில் மற்றொரு பிரிவு நேர்ந்தது. தாயார் பாணபாஸ் சிமித் என்ற குருவானவரை மறுமணஞ் செய்து, பிள்ளையைப் பாட்டியாரிடம் விட்டு அயலூர் சென்றார். சிமித் 1653இல் இறந்த பின்னரே, மூன்று சிறு பிள்ளைகளோடு தாயார் திரும்பி வந்தார்.

1661இல் நியூற்றன் கேம்பிறிட்ஜ் திறினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். செல்வர் வீட்டு மாணவருக்கு ஏவல் செய்து தம் செலவைக் குறைத்துக்கொள்ளும் வகுப்பில் அவர் சேர்க்கப்பட்டார். தாயார் வறியவரல்லர் என்பதை நினைக்கும்போது இது மனத்தை உறுத்துகின்றது. மறு ஆண்டு, பத்தொன்பது வயதில், அவர் ஒரு சிறு குறிப்பேட்டிலே சுருக்கெழுத்தில் தம் பாவங்களை வரிசையாக எழுதினார். அவ்வேடு இன்று அச்சர்வகலாசாலையின் பிற்ஸ்வில்லியம் அரும்பொருட்சாலையில் உள்ளது. 1963இல் ஆராய்ச்சியாளர் றிச்சாட் வெஸ்ற்போல் அதன் பொருளை வெளியிட்டார். ஓய்வுநாளில் எலிப்பொறி செய்தமை, தங்கையை அடித்தமை போன்ற சிறு குற்றங்களிடையே ஒன்று நம்மைத் திடுக்கிட வைக்கின்றது. சிற்றப்பனையும் தாயையும் வீட்டோடு சேர்த்து எரித்துவிடுவதாகத் தாம் பயமுறுத்தியதையும் அவர் எழுதியிருக்கிறார். கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் கோபத்தை இத்தனை தெளிவாக வேறெந்த ஏடும் சொல்லாது.

இதற்கு மறுபக்கமாக நிற்பது மற்றோர் ஏடு. சிற்றப்பனான அந்தக் குருவானவர் சமயக் குறிப்புக்கள் எழுதுவதற்கெனப் பெரியதொரு புத்தகத்தை 1612இலே தொடங்கி, பெரும்பகுதியை வெறுமையாகவே விட்டிருந்தார். தாளின் விலை உயர்ந்திருந்த காலம் அது. நியூற்றன் அதனை 1664 அளவில் எடுத்து, அவ்வெற்றுப் பக்கங்களிலே கணிக்கத் தொடங்கினார். கொள்ளைநோயினால் 1665இற் கல்லூரி கலைய, ஊர் திரும்பியிருந்த நாட்களில் அவர் சிந்தனையில் முதிர்ந்த நுண்கணிதமும் இயக்கவியலும் அந்த ஏட்டிலே இடம்பெற்றன. எவரை எரித்துவிட நினைத்தாரோ அவருடைய வெற்றுத்தாளிலேதான் புதிய விஞ்ஞானம் எழுதப்பட்டது. அப்பக்கத்தைத் திரையிற் கண்டபோது நான் நெடுநேரம் அதனைவிட்டு அகலவில்லை.

1669இல் அவர் கணிதப் பேராசிரியரானார். எழுதுவார், வெளியிடமாட்டார். 1684 ஓகஸ்ற் மாதத்தில் எட்மன்ட் ஹலி அவரை நாடி வந்து, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் விசையினாற் கோள் செல்லும் பாதை யாதென வினவினார். நீள்வளையம் என்று உடனே பதில் கூறிய நியூற்றன், அதனைத் தாம் முன்னரே கணித்துவிட்டதாகவும் சொன்னார். தாளைத் தேடியபோது அது கிடைக்கவில்லை. மீண்டும் கணித்து நவம்பரில் ஒரு சிறு கட்டுரை அனுப்பினார். அதுவே வளர்ந்து 1687இற் பிரின்சிப்பியா என்ற பெருநூலாயிற்று. மீன்களைப் பற்றிய நூலொன்றுக்குப் பணத்தைச் செலவிட்டிருந்த றோயல் சொசைற்றியால் இதனை அச்சிட இயலாதிருக்க, ஹலி தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். இடையில் றொபேட் ஹூக் உரிமை கோரியபோது, சினங்கொண்ட நியூற்றன் நூலின் மூன்றாம் பாகத்தையே நிறுத்திவிட முனைந்தார். ஹலியின் பொறுமையான கடிதங்களே அதனைக் காப்பாற்றின.

1693 செப்ரெம்பரில் எழுதப்பட்ட கடிதங்கள் இரண்டு உள்ளன. சாமுவேல் பீப்ஸ் என்பவருக்கு, இனித் தம்மிடையே தொடர்பு வேண்டாமென்று எழுதினார். தத்துவஞானி ஜோன் லொக்குக்கு எழுதியது இன்னும் வேதனை தருவது. அவர் தம்மைப் பெண்களோடு சிக்கவைக்க முயன்றாரென நம்பியதையும், நோயுற்றிருந்த அவர் இறப்பதே நன்றென்று சொல்லிவிட்டதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். லொக் சினக்கவில்லை. தமது அன்பில் எக்குறைவுமில்லை என்று மறுமொழி விடுத்தார். இரண்டு வாரங்களாக இரவில் ஒரு மணி நேரங்கூட உறங்கவில்லையென்றும், எழுதியது சரியாக நினைவில்லையென்றும் நியூற்றன் விளக்கினார். அக்கடிதம் எவர் கையிலாவது எரிந்துபோயிருந்தால், நண்பரின் பெருந்தன்மையும் நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

1696இல் இலண்டன் நாணயசாலைக் காவலரானார். கள்ளநாணயம் அடிப்போரைத் தாமே விசாரித்து வாக்குமூலங்கள் எழுதினார். முதுமையில் அவ்வாக்குமூலங்களைப் பெட்டி பெட்டியாக எரித்தார். எரிப்பதற்கு உடனிருந்து உதவியவர், அவரது சகோதரியின் மகளை மணந்த ஜோன் கொன்டுவிற். 1703இல் றோயல் சொசைற்றியின் தலைவர். 1705இற் சேர் பட்டம். 1727 மார்ச்சில் மரணம். மரணசாசனம் எழுதவில்லை. ஆயினும் பெருந்தொகையான தாள்கள் எஞ்சின.

அத்தாள்களிற் பெரும்பகுதி கணிதமன்று. வேதாகம ஆராய்ச்சியும் இரசவாதமும். திரித்துவத்தின் பெயர் தாங்கிய கல்லூரியிலே பல்லாண்டுகள் வாழ்ந்த அவர், திரித்துவக் கொள்கையை ஏற்கவில்லை. வெளியே சொல்லியிருந்தாற் பதவி போயிருக்கும். அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த வில்லியம் விஸ்ரன் அத்தகைய கருத்தை வெளியிட்டதனால் 1710இல் வெளியேற்றப்பட்டார். நியூற்றன் தாளுக்கு மட்டுமே தம் உள்ளத்தைத் திறந்தார்.

அவர் இறந்தபின் தோமஸ் பெலற் என்ற வைத்தியர் தாள்களைப் பரிசோதித்து, பலவற்றின்மீது அவை அச்சிடத் தகாதவையென எழுதி வைத்தார். ஆனால் எரிக்கவில்லை. அவை கொன்டுவிற்றின் மகள் வழியாகப் போட்ஸ்மத் பிரபுக்களின் குடும்பத்தை அடைந்தன. 1872இல் அக்குடும்பம் அவற்றைக் கேம்பிறிட்ஜுக்கு அனுப்பியது. அறிஞர் குழுவொன்று பதினாறு ஆண்டுகள் ஆராய்ந்து, 1888இல் அட்டவணை வெளியிட்டு, விஞ்ஞானத் தாள்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பியனுப்பியது. 1936இல் அவை இலண்டனில் 329 தொகுதிகளாக ஏலத்தில் விற்கப்பட்டன. கிடைத்த பணம் ஒன்பதினாயிரம் பவுணுக்குச் சிறிது அதிகம். சிதறிப்போவதைக் கண்ட பொருளியலறிஞர் கெயின்ஸ், தம்மால் இயன்றவற்றைத் தேடி வாங்கினார். 1946இல் அவர் இறந்தபோது அவை கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் சொத்தாயின. யகூடா என்ற அறிஞர் வாங்கிய சமயத் தாள்கள் 1969இல் எருசலேம் தேசிய நூல்நிலையத்தைச் சேர்ந்தன.

பெலற்றும் கேம்பிறிட்ஜ் அறிஞரும் தகுதியற்றவையென ஒதுக்கியவற்றை இன்று உலகெங்கும் கற்கின்றனர். அவர்களை நான் குறை கூறவில்லை. ஓர் ஏட்டின் மதிப்பை அவர்கள் தம் காலத்து அளவுகோலால் அளந்தனர். வேறு அளவுகோல் அவர்களிடம் இருக்கவில்லை. அளவு பிழைத்தபோதும் ஏட்டை அழியாமல் விட்டமையே அவர்கள் செய்த உபகாரம். நியூற்றனின் சினமும் அச்சமும் தெரிந்தபின் அவர்மீது எனக்கிருந்த மதிப்புக் குறையவில்லை. அத்தகைய உள்ளத்தோடு போராடிக்கொண்டே அவர் பிரின்சிப்பியாவை எழுதினார் என்பது, சிலையாக அறிந்த நாளில் எனக்குத் தெரியாத செய்தி.

என் தந்தையார் நியூற்றனல்லர்; அவரது தாள்களைத் தேடி எந்தக் கல்லூரியும் வரப்போவதில்லை. ஆயினும் எது தகும், எது தகாது என்று தீர்க்கும் உரிமை மகனாகிய எனக்கும் இல்லையென்று தோன்றிற்று. இரண்டு கட்டுக்களையும் அவிழ்த்து ஒன்றாக்கினேன். அனுப்பாத அக்கடிதத்தை மறுபடியும் படித்தபோது, அதன் கடைசிப் பக்கத்தில், கோபத்தின் நடுவிலும், தம்பியின் பிள்ளைகளுடைய படிப்பைப் பற்றி அவர் விசாரித்திருப்பதைக் கண்டேன். முதன்முறை நான் அவ்வளவு தூரம் படித்திருக்கவில்லை. கடிதம் இப்பொழுது பெட்டியில் இருக்கின்றது.