உலக சாம்பியனை வீழ்த்திய வரிக் கடன்

ஹெவி வெயிட் குத்துச் சண்டையில் உலக சாம்பியன் பட்டத்தை 1937 முதல் 1949 வரை, ஏறத்தாழ 12 ஆண்டுகள், நழுவ விடாமல் வைத்திருந்தவர் ஜோ லூயிஸ். பட்டத்துக்குப் போட்டியிட வந்தவர்களை 25 முறை முறியடித்தார். சண்டைகளில் அவர் பெயரால் ஈட்டப்பட்ட தொகை 46 லட்சம் டாலருக்கு மேல். அவர் கைக்கு வந்ததோ சுமார் 8 லட்சம் டாலர்தான். அதுவும் மிஞ்சவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வாரத்துக்கு நிலம் உழுத ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் 1914 மே 13-ந் தேதி பிறந்தார் லூயிஸ். 1926-ல் குடும்பம் மோட்டார் தொழில் நகரமான டெட்ராய்ட்டுக்குப் பிழைக்க வந்தது. வயலின் கற்றுக் கொள்ளத் தாய் கொடுத்த காசை மகன் குத்துச் சண்டைப் பயிற்சிக் கூடத்தில் கட்டினார். வேலை கிடைக்காத பஞ்ச காலத்தில் அந்தக் குடும்பம் அரசு நிவாரணப் பணத்தில் கஞ்சி குடித்தது. பிற்காலத்தில் கையில் பணம் வந்ததும், வாங்கிய நிவாரணத்தைத் திருப்பிக் கட்டினார் லூயிஸ். அப்படிச் செய்யும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை!

தொழில்முறை வீரராக முதல் சண்டை 1934 ஜூலை 4-ந் தேதி சிகாகோவில் நடந்தது. கிடைத்த கூலி 59 டாலர். அடுத்த ஆண்டே கார்னெரா, மாக்ஸ் பேர் என்ற இரு முன்னாள் சாம்பியன்களை வீழ்த்தினார். ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் 1936-ல் தோற்றாலும், 1938-ல் நடந்த மறு சண்டையில் அவரை 124 விநாடிகளில் சாய்த்தார். ஹிட்லரின் நாட்டு வீரரை ஒரு கறுப்பர் வீழ்த்திய அந்த இரவில் அமெரிக்கா முழுவதும் அவரைத் தன் பிள்ளையாகக் கொண்டாடியது.

போர் வந்தது. 1942-ல் இரண்டு சண்டைகளின் வருமானத்தை கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அப்படியே கொடுத்தார். கறுப்பர்களைச் சமையலறை, பந்தி வேலைகளுக்கு மட்டுமே அன்று சேர்த்துக் கொண்ட கடற்படை அது. மாதம் 21 டாலர் சம்பளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, படைவீரர்களின் பொழுதுபோக்குக்காக 96 காட்சிச் சண்டைகள் போட்டார். வருமானம் நின்ற அந்த ஆண்டுகளில் வீட்டுச் செலவுக்கு மானேஜரிடமும் போட்டி அமைப்பாளரிடமும் கடன் வாங்க வேண்டியதாயிற்று. வரி இலாகாவோ, தானமாகக் கொடுத்த தொகையையும் அவருடைய வருமானமாகவே கணக்கில் எழுதிக் கொண்டது.

6 லட்சம் போன வழி

பட்டாளத்திலிருந்து திரும்பியதும் 1946 ஜூன் 19-ந் தேதி, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் பில்லி கானுடன் மோதினார். டிக்கெட் வசூல் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். லூயிஸின் பங்கு சுமார் 6 லட்சம். அதில் மானேஜர்களுக்கு 1,40,000. விவாகரத்தான மனைவிக்கு 66,000. நியூயார்க் மாநில அரசுக்கு 30,000. பழைய கடன்கள் தனி. மீதியின் மேல் மத்திய அரசின் வருமான வரி விழுந்தது. உச்ச வருமானத்துக்கு வரி விகிதம் 90 சதவீதத்தை ஒட்டியிருந்த காலம் அது. பணம் வந்த அன்றே வரிக்கென்று ஒதுக்கி வைக்க அவர் பக்கத்தில் யாருமில்லை.

அவர் மேலும் தவறு உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். கால்ஃப் ஆட்டத்தில் பந்தயம் கட்டித் தோற்றார். ஓட்டல், இன்சூரன்ஸ், அவர் பெயரிலேயே ஒரு குளிர்பானம் என்று தொட்ட வியாபாரமெல்லாம் படுத்தது.

1949-ல் ஓய்வு பெற்றவரிடம், அடுத்த ஆண்டு வரி இலாகா 5 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்றது. 36 வயதில் மறுபடி கையுறை மாட்டினார். எஸ்ஸார்ட் சார்லஸிடம் தோல்வி. 1951 அக்டோபரில் இளைஞர் ராக்கி மார்சியானோ எட்டாவது ரவுண்டில் அவரைக் கயிறுகளுக்கு வெளியே விழும்படி அடித்தார். கடனுக்காகவே வாங்கிய அடி அது. ஆனால் வட்டி அசலை விட வேகமாக ஏறி, கடன் 10 லட்சத்தைத் தாண்டியது. 1953-ல் இறந்த தாய் மகனுக்கென்று எழுதி வைத்த 667 டாலரையும் வரி இலாகா எடுத்துக் கொண்டது. 1956-ல் அவர் மல்யுத்தக் காட்சிகளிலும் இறங்கினார்.

1960-களில்தான் அதிகாரிகள் இரங்கி, நடப்பு வருமானத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று ஒப்புக் கொண்டனர். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பாலஸ் சூதாட்ட ஓட்டலில் விருந்தினரைக் கைகுலுக்கி வரவேற்பது அவர் வேலை.

1981 ஏப்ரல் 12-ந் தேதி லூயிஸ் காலமானார். ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தி, ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் முழு மரியாதையுடன் அடக்கம் செய்ய அனுமதித்தார். இறுதிச் சடங்குச் செலவுக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் ஒருவர், 1938-ல் அவரிடம் 124 விநாடிகளில் தோற்ற மாக்ஸ் ஷ்மெலிங்.