வடிவத்தின் விதி கண்டவர்

நாம் உணவு உண்டதும் இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. உடனே கணையம் இன்சுலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. 51 அமினோ அமிலங்களால் ஆன இன்சுலின், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. உடனே ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அதன் உட்புறத்தில் பாஸ்பேட் தொகுதிகள் இணைய, செய்தி ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. முடிவில் தசை உயிரணு சர்க்கரையை உள்ளே ஏற்கிறது. ஹார்மோனின் வடிவம் பிசகினால் செய்தி சென்று சேராது. இத்தகைய வடிவங்களுக்கு அடிப்படையான விதியைக் கண்டவர் ஜி. என். இராமச்சந்திரன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் மலையாளச் சூழலில் வாழ்வதுபோல, அவருடைய குடும்பமும் கொச்சி நாட்டில் வாழ்ந்தது. 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்த இராமச்சந்திரன், சர் சி. வி. இராமனின் வழிகாட்டலில் இயற்பியலுக்கு மாறினார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், முறுக்கிய மூன்று இழைகளால் ஆனது என்பதைக் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து வெளியிட்டார். அந்த அமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என மேலைநாட்டு அறிஞர்கள் மறுத்தனர்.

அம்மறுப்பு அவரைச் சோர்வுறச் செய்யவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே அவர் ஆராயத் தொடங்கினார். அமினோ அமிலச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இணைப்புகளில் சுழலக்கூடியது. ஆயினும் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுமாதலின் எல்லாக் கோணங்களும் இயலா. இயல்பவை எவை, இயலாதவை எவை எனச் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963இல் வெளியிட்டார். அதுவே இராமச்சந்திரன் வரைபடம். புரதமொன்றின் வடிவத்தைக் கண்டறிவோர், அது சரியா என இன்றும் அவ்வரைபடத்தைக்கொண்டே சரிபார்க்கின்றனர். இன்சுலினும் அதன் ஏற்பியும் அவ்விதிக்கு உட்பட்டவையே.

1977இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினரான அவர், 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார். மறுப்பையே ஆராய்ச்சிக்கு வித்தாக்கிய அவரது வாழ்வு மாணவர்க்கு நல்வழி காட்டுவதாகும்.

சிந்தித்து விடை எழுதுக:
1. இன்சுலினின் செய்தி உயிரணுவினுள் எவ்வாறு பரவுகிறது?
2. அறிஞர்களின் மறுப்பை இராமச்சந்திரன் எவ்வாறு எதிர்கொண்டார்?