பகா எண்களும் இராமானுஜனும்

காவிரிக்கரை ஊராகிய ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று சீனிவாசர், கோமளத்தம்மாள் இணையரின் மகனாகப் பிறந்தார் இராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்தம் குலதெய்வம். கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றார், உதவித்தொகையையும் இழந்தார்.

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குத் தம் கணித முடிவுகளை எழுதி அனுப்பினார். 2, 3, 5, 7, 11 எனச் சீரற்ற இடைவெளியில் தோன்றும் பகா எண்கள், குறிப்பிட்ட ஓர் எண் வரை எத்தனை உள்ளன என்பதைத் துல்லியமாகக் கூறும் வாய்பாட்டைக் கண்டுவிட்டதாக அதில் தெரிவித்திருந்தார். அவ்வாய்பாடு பிழையானது என்பதை ஹார்டி உணர்த்தினார்.

இராமானுஜன் மனம் தளரவில்லை. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்று, உள்ளுணர்வால் கண்டதை முறைப்படி நிறுவும் நெறியைப் பயின்றார். 1918இல் இராயல் கழக உறுப்பினரானார். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு என்பதை உருசிய அறிஞர் செபிஷெவ் முன்பே நிறுவியிருந்தார். அதனை இராமானுஜன் 1919இல் இந்தியக் கணிதக் கழக இதழில், இரண்டே பக்கங்களில் எளிமையாக நிறுவினார். மேலும், 11 முதலாக எவ்வெண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல் அவ்வெண் வரை இரண்டு பகா எண்களேனும், 17 முதலாக மூன்றேனும் இருக்கும் எனவும் காட்டினார்.

நோயுற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் அகவையில் சென்னையில் மறைந்தார். 2, 11, 17, 29, 41 என நீளும் அவ்வரிசை இன்று 'இராமானுஜன் பகா எண்கள்' எனப்படுகிறது. எத்துறையில் பிழை நேர்ந்ததோ, அத்துறையிலேயே அவர் பெயர் நிலைத்துவிட்டது.