ராட்சத ராட்டினம் தந்த பெர்ரிஸ்

பொருட்காட்சிக்குப் புறப்படும் குடும்பத்தில் முதல் பேச்சு என்ன? எந்த ராட்டினத்தில் ஏறுவது என்பதுதான்! குழந்தைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் ராட்சத ராட்டினத்தைத்தான்.

அதைத் தந்தவர் ஜார்ஜ் பெர்ரிஸ். 1859-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். என்ஜினீயர். பாலங்களுக்கான இரும்பைச் சோதித்துச் சொல்வது அவர் தொழில்.

1889-ல் பாரீஸ் பொருட்காட்சிக்காக ஈபிள் கோபுரம் எழுந்தது. அதை மிஞ்சும் அதிசயம் ஒன்று, 1893-ல் நடக்க இருந்த சிகாகோ பொருட்காட்சிக்குத் தேவைப்பட்டது. பெர்ரிஸ் ஒரு சக்கரத்தை வரைந்து காட்டினார். இது நிற்காது, சரிந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அவர் பின்வாங்கவில்லை. பணம் திரட்டினார். கட்டியே முடித்தார்!

உயரம் 264 அடி. மொத்தம் 36 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 60 பேர் ஏறலாம். நீராவி என்ஜின் அதைச் சுழற்றியது.

பொருட்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் 50 சென்ட். ராட்டினத்தில் ஏறவும் அதே 50 சென்ட்! குடும்பத்தோடு வந்தவர்கள் யோசித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. ஆனாலும் 14 லட்சம் பேருக்கு மேல் ஏறினார்கள். சக்கரம் சரியவில்லை.

சரிந்தது பெர்ரிசின் வாழ்வுதான். வருமானத்தில் தமக்குச் சேர வேண்டிய பங்குக்காக அவர் கோர்ட்டு ஏறினார். கடன் நெருக்கியது. 1896 நவம்பரில், 37-வது வயதில், டைபாய்டு காய்ச்சலில் இறந்தார்.

1906-ல் அந்தச் சக்கரமும் தகர்க்கப்பட்டது. ஆனால் ஆங்கிலத்தில் இன்றும் ராட்சத ராட்டினத்துக்குப் பெயர், பெர்ரிஸ் சக்கரம்!