அண்ணன் உழைப்பில் மலர்ந்த தம்பி



கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முஹம்மது அலீ 1878ஆம் ஆண்டு ராம்பூரில் பிறந்தவர். பால்மணம் மாறாப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். இளம் விதவையான அன்னை பீ அம்மா, தம் நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஐந்து வயது மூத்தவரான அண்ணன் ஷௌகத் அலீ, தம்பிக்குத் தந்தையின் இடத்தில் நின்றார். இருவரும் அலீகர் கல்லூரியில் பயின்றனர். அரசுப் பணியில் அமர்ந்த அண்ணன், 1898இல் தம்பியை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பப் பொருளுதவி புரிந்தார். ஐ.சி.எஸ். தேர்வு தம்பிக்குக் கைகூடவில்லை. ஆயினும் வரலாற்றில் பட்டம் பெற்று மீண்டார். அக்கல்வியே 1911இல் ‘காம்ரேட்’ இதழாக மலர்ந்தது.

வீட்டில் வேரூன்றிய பாசம் சிறையிலும் வாடவில்லை. 1915இல் இருவரும் ஒருங்கே காவலில் வைக்கப்பட்டனர். 1921இல் தம்பி சென்னை நோக்கி வரும் வழியில் வால்டேரில் கைதானார். கராச்சி வழக்கில் அண்ணனும் அவரும் தலா 2 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். 1931இல் லண்டனில் மறைந்த தம்பி, பைத்துல் முகத்தஸில் நல்லடக்கம் செய்யப்பெற்றார்.

பெற்றோர்களே! மூத்தவன் இளையவனிடம் இரங்குவதும், இளையவன் மூத்தவனை மதிப்பதும் மார்க்கம் போற்றும் பண்புகளன்றோ? சொத்தைப் பங்கிடும் நாளில் அப்பண்பைத் தேடினால் கிட்டாது. ஒரே சஹனில் உண்ணும் பருவத்திலேயே உங்கள் மக்களின் உள்ளத்தில் அதனை விதையுங்கள்!