சார்ல்ஸ் கெட்டரிங்

மோட்டார் வண்டியில் ஏறியமர்ந்து விரலால் ஒரு பொத்தானை அழுத்தியதும் எஞ்ஜின் ஓடத் தொடங்குகின்றது. இவ்வெளிய செயலுக்குப் பின்னே ஓர் அறிஞரின் பேருழைப்பு மறைந்து கிடத்தலை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. அவர்தாம் சார்ல்ஸ் கெட்டரிங் என்பார்.

இவர் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து லௌடன்வில் என்னும் ஊரையடுத்த பண்ணையில், உழவர் குடியிற் பிறந்தார். இளமையிற் பள்ளியாசிரியராயிருந்தார். கல்லூரியிற் சேர்ந்தபின் கண்ணோய் வருத்தவே, படிப்பை நிறுத்தித் தொலைபேசிக் கம்பம் நடும் வேலையில் அமர்ந்தார். ஆயினும் மனந்தளராது மீண்டுஞ் சென்று, 1904இல் மின்பொறியியற் பட்டம் பெற்றார்.

பின்னர் டேட்டன் நகரத்துத் தொழிற்சாலையொன்றிற் பணப்பதிவுப் பொறியை மின்சாரத்தால் இயங்கச் செய்தார். 1909இல் எட்வர்டு டீட்ஸ் என்னும் நண்பரோடு கூடி டெல்கோ என்னும் கம்பெனியை நிறுவினார். டீட்ஸின் வீட்டுக் களஞ்சியமே அவர்தம் முதற் பட்டறை.

அக்காலத்தில் எஞ்ஜினை ஓட்டத் தொடங்க, வண்டியின் முன்புறத்து இரும்பு ஹாண்டிலைக் கையாற் சுழற்றல் வேண்டும். எஞ்ஜின் எதிர்த்துதைத்தால் மணிக்கட்டு முறியும். மின்மோட்டாராற் சுழற்றலாமெனின், அது மிகப் பெரிதாதல் வேண்டுமெனப் பலர் கருதினர். கெட்டரிங்கோ பணப்பொறியிற் கற்ற பாடத்தை மறந்தாரல்லர். சில விநாடி மட்டும் உழைக்கும் சிறு மோட்டார் அளவு கடந்த சுமையையுந் தாங்கும் என்பதே அப்பாடம். எஞ்ஜின் ஓடியபின் அதே மோட்டார் டைனமோவாகிப் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகள் இக்கருவியோடு வெளிவந்தன. கைவலிமையில்லாதாரும் தனியே வண்டியோட்ட வழி பிறந்தது.

டெல்கோ பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சார்ந்தது. அதன் ஆராய்ச்சித் துறைக்கு இவர் 1920 முதல் 1947 வரை தலைவராயிருந்தார். எஞ்ஜினுள் பெட்ரோல் ஒழுங்கின்றி எரிந்து தட்டும் குறையை நீக்க முயன்றார். 1921இல் இவர் துணைவர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மமொன்றைச் சிறிது கலப்பின் அத்தட்டல் அடங்குமெனக் கண்டார். சாராயமும் அதனை அடக்குமென அவர்கள் அறிந்திருந்தனர். ஈயம் நஞ்சென்பதோ நெடுங்காலமாக உலகறிந்தது. எனினும் ஈயமே விற்பனைக்கு வந்தது. 1924இல் அதற்கென அமைந்த கம்பெனியின் முதல் தலைவர் கெட்டரிங்கே. அவ்வாண்டே நியூ ஜெர்ஸி மாகாணத்தில் அச்சேர்மத்தைச் செய்த தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். விற்பனை சிலகாலம் நின்று, 1926இல் மீண்டுந் தொடங்கிற்று. வண்டிப்புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தமையைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. 2021இல் அல்ஜீரியா கைவிட்ட பின்னரே கார்களுக்குரிய பெட்ரோலினின்றும் அது உலகில் முற்றும் நீங்கியது.

1945இல் இவரும் ஸ்லோன் என்பவரும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் நிறுவினர். 1958 நவம்பர் 25ஆம் நாள் கெட்டரிங் இறந்தார்.

இவரைப் புகழ்தலும் எளிது, பழித்தலும் எளிது. ஹாண்டிலால் வருந்தியவன் வண்டியோட்டி. அவன் துன்பம் இவர் கண்முன் நின்றது, இவரும் அதனைத் துடைத்தார். ஈயத்தால் வருந்தியதோ தெருவோரத்துக் குழந்தை. அதன் துன்பம் இவர் கண்ணுக்கு எட்டவில்லை. கல்வியாற் கருவி செய்யப் புகும் நாம், நம் கண்ணுக்கு எட்டாதாரையும் எண்ணிப் பார்ப்போமாக.