கமலாதேவி சட்டோபாத்யாய்

கர்நாடகக் கடற்கரை நகரமான மங்களூரில் 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் கமலாதேவி பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே தந்தை இறந்தார். தந்தை உயில் எழுதி வைக்காததால், சொத்து முழுவதும் அவருடைய மூத்த தாரத்து மகனுக்குச் சென்றது. மனைவிக்கு உரிமை வழங்க அன்றைய சட்டத்தில் இடமில்லை. தாயின் இந்நிலையைக் கண்டு வளர்ந்த கமலாதேவி, மணமான சிறிது காலத்திலேயே கணவரையும் இழந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடாமல் சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றார். பின்னர், சரோஜினி நாயுடுவின் தம்பி அரீந்திரநாத்தை மணந்தார். கைம்பெண் மறுமணத்தை உறவினரே வெறுத்த காலம் அது.

1926ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டார். பெண்ணொருவர் வாக்குக் கேட்டு வருவதே மக்களுக்குப் புதுமையாக இருந்தது. மிகச் சில வாக்குகளில் அவர் தோற்றார்.

1929இல் பெர்லின் நகரில் உலகப் பெண்கள் மாநாடு நடைபெற்றது. பிற நாட்டுக் கொடிகள் பறந்த அவ்வரங்கில் இந்தியாவுக்கெனக் கொடி இல்லை. கமலாதேவியும் தோழியரும் தம் புடவைகளைக் கிழித்து மூவண்ணக் கொடி தைத்தனர். அதே ஆண்டு பிராகு நகரில் கூடிய பெண்கள் அமைதி மாநாட்டிலும் அவர் பங்கேற்றார். அடிமை நாடுகள் இருக்கும்வரை உலகில் அமைதி நிலைக்காது என்பது அவரது உறுதியான கொள்கை.

உப்பு அறப்போரில் பெண்களைச் சேர்க்கக் காந்தியடிகள் முதலில் தயங்கினார். கமலாதேவி அவரிடமே வாதாடி இசைவு பெற்றார். பம்பாயில் தடையை மீறி உப்பு விற்றுச் சிறை புகுந்தார். 1936இல் மீரட்டில் கூடிய காங்கிரசு சோசலிசக் கட்சி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

நாடு விடுதலை பெற்றபோது தலைவர் பலர் ஆட்சிப் பொறுப்பேற்றனர். கமலாதேவியோ ஏதிலியர் முகாம்களுக்குச் சென்றார். பிரிவினைக் கலவரத்தில் வீடும் உறவும் இழந்தோர்க்குச் சோறு மட்டும் போதுமா? உழைப்பும் ஊரும் வேண்டுமல்லவா? 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார். தில்லிக்கு அருகிலுள்ள பரிதாபாத்தில் ஏதிலியரே சாலை அமைத்து, வீடு கட்டி, தம் நகரை எழுப்பினர்.

1952 முதல் அனைத்திந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தை வழிநடத்தினார். அதன் வடிவமைப்பு மையங்களுள் ஒன்று பெங்களூரில் அமைந்தது. சென்னையில் 1964இல் இந்தியக் கைவினைக் கழகம் அவரால் உருவாயிற்று. 1966இல் மகசேசே விருது பெற்றார். பட்டமும் பரிசும் வந்த பின்னும் நெசவாளர், குயவர் வாழும் சிற்றூர்களுக்குச் சென்றுகொண்டே இருந்தார். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மும்பையில் மறைந்தார்.